முதலில் பச்சைத் தண்ணீர்

என் கையெழுத்து அழகாக இருக்கும். பெருமைக்காகச் சொல்லவில்லை என்று எழுதினால் பொய்யாகிவிடும். பெருமைக்காகத்தான் சொல்கிறேன். இண்டூருக்குப் பக்கத்தில் எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போய் எஸ்.எஸ்.எல்.சி. தேறிய முதல் ஆள் நான். எங்கள் அப்பா ஞாயிற்றுக்கிழமைப் பூசையில் பாட்டுப் புத்தகத்தைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு மனப்பாடமாகப் பாடுவார். அம்மா ரேஷன் கார்டை என்னிடம் நீட்டி, இது நம்முதுதானா என்று கேட்பாள். அந்த வீட்டிலிருந்து வந்தவள் ஒரு பலகையில் வரி கோணாமல் எட்டு விதிகள் எழுதினால் பெருமை வராமல் என்ன செய்யும்.

அந்தப் பலகையைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

போன மாதம் ஸ்டெல்லா கடிதம் போட்டிருந்தாள். பென்னாகரம் சாலையில் இருக்கும் முதியோர் இல்லத்தில் நான் பதினோரு ஆண்டு பார்த்த உதவி வார்டன் வேலையை இப்போது பார்ப்பவள் அவள். "அக்கா, நம்ம இல்லத்து ஆண்டு மலருக்கு உங்க அனுபவத்தை எழுதித் தாங்க. குளியலறையில நீங்க எழுதின போர்டுக்குப் புதுசா பெயிண்ட் அடிச்சிருக்காங்க. அதே மாதிரி இன்னும் மூணு எழுதியாச்சு, மத்த இல்லங்களுக்கும் அனுப்பப் போறாங்களாம். தரம்னா இப்பிடி இருக்கணும்னு கமிட்டியில பேசினாங்க. உங்களுக்குப் பெருமையா இருக்கும்."

பெருமையாக இல்லை. கடிதத்தை மடித்து வைத்துவிட்டு அடுப்பு வேலை பார்த்தேன். பாத்திரங்களையெல்லாம் ஓங்கி ஓங்கி வைக்கிறேன் என்று அம்மா சொன்ன பிறகுதான் எனக்கு எவ்வளவு ஆத்திரம் என்று எனக்கே தெரிந்தது.

அனுபவக் கட்டுரை எழுதுகிறவர்களுக்குத் தலை நரைத்திருக்க வேண்டும். எனக்கு வயது முப்பத்திரண்டு. முதுகெலும்பில் வட்டு விலகிவிட்டது, இனிமேல் பாரம் தூக்கக் கூடாது என்று பெரியாஸ்பத்திரியில் எழுதிக் கொடுத்ததால் ஓய்வு கொடுத்துவிட்டார்கள். படுக்கையில் கிடக்கும் ஆளை இரண்டு பேர் சேர்ந்துதான் தூக்க வேண்டும் என்பது விதி. பாதி நாள் இரண்டாவது ஆள் இருக்கமாட்டாள். விதி மட்டும் சுவரில் இருக்கும்.

பள்ளிக்கூடம் முடித்து, ஒரு மிஷன் ஆஸ்பத்திரியில் ஆறு மாதம் செவிலியர் உதவிப் பயிற்சி எடுத்தேன். அறுபதுகள் முடியும் சமயத்தில் இல்லத்தில் சேர்ந்தேன். இடம் காலியாக இருக்கிறது என்று எனக்கு வந்து சொன்னவள் காவேரியக்கா. எங்கள் ஊர்தான், எங்கள் வீட்டுக்கு நாலு வீடு தள்ளி. இல்லத்தில் ஆட்களைக் குளிப்பாட்டும் வேலையில் இருந்தாள். அப்போது அவளுக்கு நாற்பது வயது இருக்கும். புருசன் இல்லை. இரண்டு பெண் பிள்ளைகளும் அந்தச் சம்பளத்தில்தான் சாப்பிட்டார்கள்.

எங்கள் மேட்ரன் சென்னையிலிருந்து வந்தவர். கஞ்சி போட்ட வெள்ளைப் புடவை, மணிக்கட்டின் உட்புறமாகத் திருப்பிக் கட்டிய கைக்கடிகாரம். வார்டுக்குள் நுழைந்ததும் ஒரு நிமிடம் நின்று மோந்து பார்ப்பார். எந்தக் கட்டிலில் துணி மாற்றவில்லை என்று பத்தடி தள்ளி நின்றே சொல்லிவிடுவார். கட்டில் சட்டத்துக்கு அடியில் விரலை ஓட்டி, ஒட்டிய தூசியை எங்கள் முகத்துக்கு நேரே காட்டுவார். திட்டமாட்டார். விரலைக் காட்டிவிட்டுப் போய்விடுவார். குளிக்கும் தண்ணீரை யாரும் உள்ளங்கையால் தொட்டுப் பார்க்கக் கூடாது. "வேலை செய்யற கைக்குச் சூடு தெரியாது. முழங்கையை வை" என்பார். படுக்கைப் புண் வராமல் ஆளை எப்படித் திருப்பிப் போடுவது, வந்த புண்ணை எப்படிக் கழுவுவது, எல்லாம் அவரிடம் கற்றேன். அந்த வேலையில் அவரைவிடக் கெட்டிக்காரரை நான் பார்த்ததில்லை. இதையும் எழுதிவிட்டுத்தான் மற்றதை எழுத வேண்டும்.

மற்றது என்னவென்றால், அவர் எதற்கும் காரணம் சொல்லமாட்டார். ஒரு தடவை கேட்டேன். "காரணம் எனக்குத் தெரியும். அது போதும்" என்றார்.

ஆண்டுக்கு ஒரு தடவை ஆய்வுக்கு அதிகாரி வருவார். அன்றைக்கு பீரோவிலிருந்து வெள்ளை விரிப்புகள் வெளியே வரும். விரித்த பிறகு யாரும் படுக்கக் கூடாது. அதிகாரி ஜீப் ஏறும்வரை எல்லாரும் கட்டிலுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்திருக்க வேண்டும். நடுங்குகிறவர்கள், முதுகு நிமிராதவர்கள், எல்லாரும்தான்.

நான் சேர்ந்த முதல் ஆண்டு அப்படித் தரையில் உட்கார்ந்திருந்தவர்களில் ஒருவர் கெம்பண்ணன். ஒகேனக்கல்லில் நாற்பது வருசம் பரிசல் ஓட்டியவர். அக்கரைக்காரர், வீட்டுப் பேச்சு கன்னடம். வாதம் வந்து இடப்பக்கம் விழுந்துவிட, பார்க்க ஆளில்லாமல் எங்களிடம் வந்து சேர்ந்தார். இடது காலில் ஊசியால் குத்தினாலும் தெரியாது. வாய்க்கு ஒன்றும் ஆகவில்லை. படித்தவள் என்பதால் இல்லத்தில் பலரும் என்னை டீச்சர் என்றுதான் கூப்பிடுவார்கள், அவரும் அப்படித்தான்.

"ஏனம்மா டீச்சரு, இந்தத் துணி யாருக்கு?"

"உங்களுக்குத்தான் தாத்தா."

"எனக்குன்னா நான் ஏன் கீழே உக்காந்திருக்கறேன்?"

"ஆபீசர் வந்துட்டுப் போயிடட்டும்."

"அப்போ ஆபீசருக்குத்தான். அவரையே படுத்துக்கச் சொல்லு. நான் விசிறி விடறேன்."

வார்டே சிரித்தது. நானும் சிரித்தேன். சிரித்துக்கொண்டே விரிப்பில் இருந்த ஒரு சுருக்கத்தை நீவிவிட்டேன்.

அடுத்த ஆண்டு, எல்லா இல்லங்களிலும் குளியலறை விதிகளை எழுதி மாட்ட வேண்டும் என்று உத்தரவு வந்தது. மேட்ரன் சொல்லச் சொல்ல நான் எழுதினேன். கறுப்புப் பலகை, வெள்ளை எனாமல் பெயிண்ட், எட்டு வரி. கீழே மூலையில் சிவப்பு எழுத்தில் 'எழுதியவர்: அ. செலின்மேரி, எஸ்.எஸ்.எல்.சி.' என்று போட்டேன். அதை எழுதச் சொல்லி யாரும் சொல்லவில்லை.

முதல் வரி இது: 'தொட்டியில் முதலில் பச்சைத் தண்ணீர் ஊற்ற வேண்டும். அதன் பிறகே சுடுதண்ணீர் சேர்க்க வேண்டும்.'

விதி சரியான விதி. எங்கள் குளியலறையில் தொட்டி தரைக்குள் பாதி இறங்கியிருக்கும். அதன் விளிம்பில் ஒரு மரப்பலகை போட்டு ஆளை உட்காரவைத்து, தொட்டியிலிருந்து மொண்டு ஊற்றுவோம். சுடுதண்ணீர் அண்டாவில் கொதித்துக்கொண்டிருக்கும். பச்சைத் தண்ணீர் முதலில் இருந்துவிட்டால், தொட்டிக்குள் எந்த நேரத்திலும் உடம்பைப் பொசுக்கும் சூடு இருக்காது. யார் விழுந்தாலும், எது சரிந்தாலும் பயமில்லை.

ஆனால் எங்கள் பக்கத்தில் உயிரோடு இருக்கிறவர்களுக்கு அப்படித் தண்ணீர் கலக்கமாட்டார்கள். சுடுதண்ணீரை முதலில் ஊற்றி, அதில் பச்சைத் தண்ணீரை விட்டு விளாவுவார்கள். பச்சைத் தண்ணீரில் சுடுதண்ணீரை ஊற்றுவது பிணத்தைக் குளிப்பாட்டும்போது மட்டும். எங்கள் ஊரில் இந்து வீடு, கிறிஸ்தவ வீடு என்று இதில் வித்தியாசம் கிடையாது. நான் பயிற்சிக்குப் போகுமுன் என் அப்பா இறந்தார். அன்றைக்கு வாசலில் தண்ணீர் கலந்து கொடுத்தவள் காவேரியக்கா. பக்கத்தில் நின்றுகொண்டிருந்தவள் நான். எது முன்னே, எது பின்னே என்று கண்ணால் பார்த்தவள்.

பயிற்சியில் 'பச்சைத் தண்ணீர் முதலில்' என்று சொன்னபோது அதைத் தலைகுனிந்து நோட்டில் எழுதிக்கொண்டேன். வாயைத் திறக்கவில்லை. திறந்தால் பட்டிக்காட்டுப் பெண் என்று சொல்லிவிடுவார்கள்.

இல்லத்தில் குளிப்பாட்டும் வேலைக்கு நாலு பெண்கள். நாலு பேருக்கும் படிக்கத் தெரியாது. அது எனக்குத் தெரியும். அவர்கள் சம்பளம் வாங்கிக் கட்டைவிரல் வைக்கும்போது மை டப்பாவை நீட்டுகிறவளே நான்தான். இருந்தும் பலகையை மாட்டினேனே தவிர, படித்துக் காட்டவில்லை. படித்தால் முதல் வரியிலேயே காவேரியக்கா, இதென்ன பொணத்துக்கு ஊத்தற மாதிரி, என்று மேட்ரனுக்கு முன்னால் கேட்பாள். அப்போது நான் எந்தப் பக்கம் நிற்பது?

மாட்டி முடித்ததும் காவேரியக்கா வந்து பார்த்தாள்.

"என்ன எழுதியிருக்கே பாப்பா?"

"குளிப்பாட்டற விதிங்கக்கா."

"முத்து முத்தா இருக்குது" என்றாள். வாளியை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

அடுத்த ஆய்வுக்கு முந்தின நாள் காலையில் அது நடந்தது. குளியலறைக்கு வெளியே ஒரு சிமெண்டுத் தொட்டி உண்டு. தோட்டக்காரர் கிணற்றிலிருந்து இறைத்து அதை நிரப்பி வைக்க வேண்டும். அன்றைக்கு அவரை முன்வாசல் படிகளைக் கழுவவும் குரோட்டன்ஸ் தொட்டிகளுக்குத் தண்ணீர் ஊற்றவும் மேட்ரன் அனுப்பியிருந்தார். மற்ற மூன்று பெண்களும் ஜன்னல் துடைத்தார்கள். நான் விரிப்புகளுக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தேன். குளிப்பாட்டும் வேலைக்குக் காவேரியக்கா ஒருத்திதான்.

கெம்பண்ணனை அந்த மரப்பலகையில் உட்காரவைத்துவிட்டு, அண்டாவிலிருந்து இரண்டு வாளி சுடுதண்ணீரைத் தொட்டியில் ஊற்றியிருக்கிறாள். பிறகு விளாவப் பச்சைத் தண்ணீர் எடுக்க வெளியே போனாள். சிமெண்டுத் தொட்டி காய்ந்து கிடந்தது. கிணற்றடிக்குப் போய் இறைத்துக்கொண்டு வர வேண்டியதாகிவிட்டது.

வாளி கீழே விழும் சத்தம் கேட்டு நான் ஓடினேன். காவேரியக்கா கதவருகில் நின்றுகொண்டிருந்தாள். கெம்பண்ணன் பலகையில் உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருந்தார்.

"என்ன காவேரி, தண்ணிக்கு ஒகேனக்கலுக்கே போயிட்டியா?"

அவருடைய இடது கால் பலகையிலிருந்து நழுவி, பாதிக் கெண்டைக்கால்வரை தொட்டிக்குள் இருந்தது. தண்ணீரிலிருந்து ஆவி போய்க்கொண்டிருந்தது. அவள் ஏன் பேசாமல் நிற்கிறாள் என்று அவருக்குப் புரியவில்லை. அவள் பார்வை போன இடத்தை அவரும் பார்த்தார்.

"அது என் காலா?" என்று கேட்டார்.

நாங்கள் இரண்டு பேரும் தூக்கி வெளியே கிடத்தினோம். தோல் ஈரத் துணி மாதிரி கழன்று வந்தது. ஜன்னல் துடைத்த பெண்களில் ஒருத்தி இட்லி மாவை அள்ளிக்கொண்டு ஓடி வந்தாள். மேட்ரன் வந்து அந்தக் கையைத் தட்டிவிட்டார். தரையில் அந்தக் கஞ்சிப் புடவையோடு உட்கார்ந்து, காலைத் தன் மடியில் தூக்கி வைத்து, கிணற்றுத் தண்ணீரை மெதுவாக, நிறுத்தாமல், வெகுநேரம் ஊற்றச் சொன்னார். பிறகு இளம் வாழையிலையைக் கொதிநீரில் போட்டெடுத்து ஆறவைத்து, காலைச் சுற்றிக் கட்டினார். மாட்டு வண்டியில் வைத்துப் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம்.

மூன்றாவது வாரம் புண் புரையோடி, காய்ச்சல் கண்டு, கெம்பண்ணன் இறந்துபோனார்.

கேட்க ஆள் இல்லாததால் உடலை இல்லத்துக்கே கொண்டுவந்தோம். அடக்கத்துக்கு முன் குளிப்பாட்ட வேண்டும். அதே குளியலறை, அதே தொட்டி. காவேரியக்காதான் தண்ணீர் கலந்தாள். முதலில் இரண்டு வாளி பச்சைத் தண்ணீர். அதன் மேல் ஒரு வாளி சுடுதண்ணீர். நான் வாசலில் நின்று சுவரில் மாட்டியிருந்த என் பலகையையும் அவளையும் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த இல்லத்தில் என் பலகையில் எழுதியபடி குளிப்பாட்டப்பட்ட முதல் ஆள் கெம்பண்ணன்தான்.

பிறகு விசாரணை. கமிட்டியிலிருந்து மூன்று பெரியவர்கள் வந்து அலுவலக அறையில் உட்கார்ந்தார்கள். மேட்ரன் நின்றார். பலகையைக் கழற்றிக் கொண்டுவந்து மேசைமேல் சாய்த்து வைத்தார்கள். தலைவர் முதல் வரியை உரக்கப் படித்துவிட்டுக் காவேரியக்காவைப் பார்த்தார்.

"இவ்வளவு தெளிவா எழுதியிருக்கு. நீ ஏன் சுடுதண்ணியை முதல்ல ஊத்தினே?"

"பொணத்துக்குத்தாங்க அப்பிடி ஊத்துவாங்க. உசுரோட உக்காந்திருக்கற மனுசனுக்கு எப்பிடிங்க ஊத்தறது?"

ஒருவர் சிரித்தார். மற்றவர், "இந்தக் காலத்துலயுமா" என்றார்.

காவேரியக்கா விடவில்லை. "வேணும்னா ஒண்ணு பண்ணலாமுங்க. ஒரே ஒரு சொம்பு சுடுதண்ணி முதல்ல ஊத்திட்டம்னா போதும். சுடுதண்ணி முதல்ல ஊத்துனதாச்சு. அதுல தொட்டி அடிகூட நனையாது. அப்பறம் நீங்க சொல்றாப்பல பச்சத்தண்ணி ரெண்டு வாளி, கடைசியில சுடுதண்ணி. யாருக்கும் மனசு கோணாது, கால் போனாலும் சுடாதுங்க."

அந்த அறையில் அன்றைக்கு யாராவது ஒருவர் புத்தியாகப் பேசினார் என்றால் அது அவள்தான். தலைவர், "நாங்க மூடநம்பிக்கையை வளர்க்கறதுக்கு இல்லம் நடத்தல" என்றார். சிமெண்டுத் தொட்டி ஏன் காய்ந்து கிடந்தது என்று யாரும் கேட்கவில்லை. படி கழுவிய தண்ணீரைப் பற்றி யாரும் பேசவில்லை. மேட்ரன் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்.

பிறகு என்னைக் கேட்டார்கள்.

"விதியை இவங்களுக்குத் தெரியப்படுத்தினியாம்மா?"

"போர்டு எழுதி மாட்டியிருக்கேனுங்க சார்."

"நீ எழுதினதா? நல்ல கையெழுத்து." என் பெயரை மூலையில் படித்துத் தலையசைத்தார். "இவங்களுக்குள்ள இப்பிடி ஒரு பழக்கம் இருக்குன்னு உனக்குத் தெரியுமா?"

காவேரியக்கா என்னைப் பார்த்தாள்.

"தெரியாதுங்க சார்" என்றேன்.

'பணியாளர் எழுதப்பட்ட விதியை மீறியதால் பணிநீக்கம்' என்று மேட்ரன் சொல்ல, பதிவேட்டில் எழுதியதும் நான்தான். எழுத்து கோணவில்லை. அன்று மாலை காவேரியக்கா தன் டிபன் தூக்கை எடுத்துக்கொண்டு இண்டூர் பஸ் ஏறினாள். பலகையை மறுபடியும் அதே ஆணியில் மாட்டினார்கள்.

அதற்குப் பிறகு நான் அங்கே ஒன்பது ஆண்டுக்கு மேல் வேலை பார்த்தேன். புதிதாக யார் வந்தாலும் குளியலறைக்குக் கூட்டிக்கொண்டு போய், ஒரு சொம்பு சுடுதண்ணீரை முதலில் ஊற்றவைத்து, பிறகு பச்சைத் தண்ணீர், பிறகு சுடுதண்ணீர் என்று கையால் செய்துகாட்டினேன். ஒருத்திகூட முகம் சுளிக்கவில்லை. ஒரு ஆளுக்கும் ஒரு கொப்புளம் வரவில்லை. ஒரு நாள் மேட்ரன் வாசலில் நின்று பார்த்தார். அந்த ஒரு சொம்பையும் பார்த்தார். உள்ளே வந்து முழங்கையைத் தண்ணீரில் வைத்து, "சரி" என்று சொல்லிவிட்டுப் போனார். காவேரியை வரச் சொல்லலாமே என்று அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. பெண்கள் அதற்கு 'டீச்சரம்மா முறை' என்று பெயர் வைத்திருந்தார்கள். அந்தப் பெயரையும் நான் மறுக்கவில்லை.

வேலையை விட்ட பிறகு, இந்த இடுப்புப் பட்டையோடு பாப்பாரப்பட்டிச் சந்தைக்குப் போனபோது அவளைப் பார்த்தேன். ஒரு புளி வியாபாரியிடம் கொட்டை எடுக்கும் வேலை. பக்கத்தில் உட்கார எனக்கு வரவில்லை, குனிய முடியாது. நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். மன்னித்துவிடு என்றும் சொன்னேன். அவள் புளியைத் தட்டுவதை நிறுத்தவில்லை.

"உங்கப்பனுக்கு நான் தண்ணி கலந்தப்ப பக்கத்துல நின்னியே பாப்பா."

"ஆமாங்கக்கா."

"அத விடு. பயந்துட்டே. பெரிய மனுசங்க கேட்டா எனக்கே நாக்கு ஒட்டுது." ஒரு கொட்டையை எடுத்து ஓரமாகப் போட்டாள். "எங்க நாலு பேருக்குப் படிக்கத்தான் தெரியாது. காது இருந்துச்சே. போர்டு மாட்டுன அன்னைக்கு நான் கேட்டேனில்ல, என்ன எழுதியிருக்கேன்னு? அப்பவே சொல்லியிருந்தா அங்கயே சண்ட போட்டிருப்பேன். சண்ட போட்டு அந்தச் சொம்புக் கணக்க அன்னைக்கே சொல்லியிருப்பேன். அந்தக் கெழவன் இன்னும் நாலு வருசம் நம்மள கிண்டல் பண்ணிக்கிட்டிருந்திருப்பான்."

முதுகு வலிக்கும், நிற்காதே, வூட்டுக்குப் போ என்றாள். போனேன்.

இப்போது அந்தப் பலகைக்குப் புதுப் பெயிண்ட். மூன்று இல்லங்களுக்கு மூன்று நகல். பெயிண்டர் என் பெயரையும் விதியில் சேர்ந்தது என்று நினைத்து அப்படியே எழுதியிருக்கிறார் என்று ஸ்டெல்லா வேடிக்கையாக எழுதியிருக்கிறாள். எனக்கு வேடிக்கையாக இல்லை. அதிகாரி வருவார், பலகையைப் பார்ப்பார், 'விதிகள் காட்சிக்கு வைக்கப்பட்டுள்ளன' என்று குறித்துக்கொண்டு ஜீப் ஏறுவார். அந்த மூன்று இல்லங்களிலும் குளிப்பாட்டுகிறவர்கள் யார், அவர்களுக்குப் படிக்கத் தெரியுமா, அவர்கள் வீட்டில் தண்ணீரை எப்படி விளாவுவார்கள் என்று ஒருவரும் கேட்கமாட்டார்கள். கால் வெந்த பிறகு பலகையைக் கழற்றி மேசைமேல் வைப்பார்கள்.

ஸ்டெல்லா, மலரில் இதைப் போடமாட்டார்கள் என்று எனக்குத் தெரியும். போடாவிட்டால் பரவாயில்லை. நீ ஒன்று செய். பலகைகள் வண்டி ஏறுவதற்குள் ஒரு கறுப்பு பெயிண்ட் டப்பா வாங்கி, நாலு பலகையிலும் மூலையில் இருக்கும் என் பெயரை அழித்துவிடு. அந்த இடத்தில் காவேரியக்கா பெயரை எழுதலாமா என்று யோசிக்காதே. அவளுக்கு அதைப் படிக்கத் தெரியாது. குளிப்பாட்டும் பெண்களைக் கூப்பிடு. ஒரு சொம்பு சுடுதண்ணீரை அவர்கள் கையில் கொடு. இது இண்டூர்க் காவேரி சொன்னது என்று வாயால் சொல். சொல்லிவிட்டு, அவர்கள் சண்டை போட்டால் நின்று கேள்.